லெம்மாவின் இரண்டாவது வரி

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் பதினோரு நாள் இருக்கையில், அழகுமீனா தன் ஆய்வேட்டில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தாள். வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் மல்லுக்கு நிற்கலாம். தானே கண்டுபிடித்துவிட்டு யாரிடம் போய் மல்லுக்கு நிற்பது? நோட்டை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். ஓட்டை உள்ளே அப்படியேதான் இருந்தது.

மீனாவுக்கு முப்பத்திரண்டு வயது. சொந்த ஊர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம். விருதுநகரில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் ஏழு வருடமாகக் கணிதம் எடுக்கிறாள். ஒவ்வொரு ஜூனிலும் வேலை இருக்கிறதா இல்லையா என்று போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை அது. பட்டம் வந்தால் நிரந்தரம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. நிரந்தரமானால் அம்மா வள்ளித்தாய் பட்டாசுக் கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிடலாம். அப்பா இறந்ததிலிருந்து, இருபத்தாறு வருடமாக, அம்மா பட்டாசுக்குள் மருந்து செலுத்தும் ரூமில் உட்கார்ந்திருக்கிறாள். எங்காவது விபத்து என்று போனில் செய்தி வந்தால் மீனாவின் கண் முதலில் கம்பெனி பெயரைத்தான் தேடும். வேறு பெயராக இருந்தால் நிம்மதி வரும். நிம்மதி வந்ததற்காக வெட்கமும் வரும். காலை ஏழு மணிக்கு வீட்டு முன்னால் வந்து ஆரன் அடிக்கும் அந்தக் கம்பெனி வேனை நிறுத்துவதற்காகத்தான் ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தாள். கணிதத்தின் மேல் ஆசை இல்லையா என்றால், இருந்தது. அது இல்லாமல் ஆறு வருடம் யாரால் தாக்குப்பிடிக்க முடியும்?

எதைப் பற்றி ஆராய்ச்சி என்று அம்மா ஒருநாள் கேட்டபோது மீனா செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து கையில் கொடுத்தாள்.

"எந்த நம்பர் வேணும்னாலும் போடும்மா. அதைப் பாதியாக்கி ஒண்ணு கூட்டு. வர்றதை மறுபடி பாதியாக்கி ஒண்ணு கூட்டு. அப்படியே போய்க்கிட்டே இரு."

வள்ளித்தாய் நூறு போட்டாள். ஐம்பத்தொன்று வந்தது. பிறகு இருபத்தைந்தரையோடு ஒன்று, இருபத்தாறரை. பிறகு பதினாலே கால், எட்டே சொச்சம், ஐந்தே சொச்சம் என்று இறங்கிக் கடைசியில் இரண்டுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆயிரம் போட்டாள். லட்சம் போட்டாள். எல்லாம் இரண்டுக்கே வந்து சேர்ந்தன.

"ரெண்டையே போட்டா?"

"ரெண்டு ரெண்டாவே இருக்கும். அதுக்குப் பேருதான் நிலைப்புள்ளி. எங்கேருந்து புறப்பட்டாலும் அங்கனதான் கொண்டு போய் விடும்."

"எம்புட்டுப் பெரிய நம்பரா இருந்தாலும் தப்பிக்க முடியாதாக்கும்?" வள்ளித்தாய் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "பாவம்."

இந்தச் சங்கதியெல்லாம் நூறு வருடத்துக்கு முன்பே நிரூபித்து முடித்தாகிவிட்டது. மீனா செய்தது அதற்கு மேல் ஒரு படி. சாதாரணமாகத் தூரத்துக்கு ஒரு விதி உண்டு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நேராகப் போகும் தூரம், நடுவில் ஓரிடத்தைத் தொட்டுப் போகும் தூரத்தைவிட அதிகமாக இருக்காது. மீனா ஆராய்ந்த கணித வெளியில் அந்த விதி கிடையாது. நடுவில் வெவ்வேறான இரண்டு இடங்களைத் தொட்டுப் போனால்தான் அந்த உத்தரவாதம் கிடைக்கும். பெண் கேட்டுப் போவதைப் போல என்று வகுப்பில் சொல்வாள். மாப்பிள்ளை பக்கம் ஒருவர், பெண் பக்கம் ஒருவர் என்று நடுவில் இரண்டு பேர் வேண்டும். ஒரே ஆள் இரண்டு பக்கமும் பேசினால் இந்த வட்டாரத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். விதியை இப்படித் தளர்த்திய வெளிக்குப் பொதுமைப்படுத்திய தொலைவு வெளி என்று பெயர். அதற்குள்ளும் நிலைப்புள்ளி கிடைக்குமா என்று தேடிக்கொண்டு உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் ஏழாயிரம்பண்ணையில் சிரிப்பார்கள். சிரித்தாலும், இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் மீனாவின் வழிகாட்டி பேராசிரியர் செல்வக்குமார். பத்து வருடத்துக்கு முன் அவர் ஒரு லெம்மா எழுதினார். லெம்மா என்பது பெரிய தேற்றத்துக்கு முட்டுக் கொடுக்கிற சின்னத் தேற்றம். இந்த வெளியில் ஒரு புள்ளியை நெருங்கிக்கொண்டே போகும் தொடர்வரிசை, அதே நேரத்தில் வேறொரு புள்ளியையும் நெருங்க முடியாது என்பது அந்த லெம்மா. ஆறே வரி நிரூபணம். அதன் மேல் ஏறி நின்று ஐந்து பேர் பட்டம் வாங்கிவிட்டார்கள். மீனாவின் ஐந்தாம் அத்தியாயமும் அதன் மேல்தான் நிற்கிறது. முதல் நான்கு அத்தியாயமும் மற்றவர்கள் சொன்னதைத் தன் வார்த்தையில் சொன்னது. சொந்தச் சரக்கு என்று இருந்தது அந்த ஐந்தாவது மட்டும்தான்.

ஓட்டை எப்படிக் கண்ணில் பட்டது என்றால், அவளுடைய நல்ல மனசால். வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று தாய்மாமன் வெள்ளைத்துரை சொல்லியிருந்தார். வருகிறவர்களுக்கும் ஏதோ கொஞ்சம் புரியட்டும் என்று அவள் ஒரு படம் வரைந்தாள்.

இரண்டு குடோன். ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிவே இல்லாமல் ஷெட்டுகள். முதல் ஷெட்டிலிருந்து இரண்டு குடோனுக்கும் தலா ஒரு மைல். இரண்டாவதிலிருந்து தலா அரை மைல். மூன்றாவதிலிருந்து மைலில் மூன்றில் ஒரு பங்கு. எந்த இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் ஒரு மைல், இரண்டு குடோனுக்கும் நடுவில் ஒரு மைல். காகிதத்தில் மட்டுமே கட்டக்கூடிய கம்பெனி. ஆனாலும் விதி எங்கும் மீறப்படவில்லை. ஒரு குடோனிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு ஷெட்டைத் தொட்டுப் போனால், அந்த ஷெட்டுகளுக்கு நடுவிலேயே ஒரு மைல் வந்துவிடுகிறது. சரி, அப்படியானால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஷெட் ஷெட்டாகப் போய்க்கொண்டே இருக்கிற ஆள் எந்தக் குடோனை நெருங்குகிறான்?

இரண்டையும் நெருங்குகிறான். நெருங்க முடியாது என்று லெம்மா சொல்கிறது.

மீனா ஆய்வேட்டைத் திறந்தாள். லெம்மாவை எடுத்து வரி வரியாகப் பார்த்தாள். இரண்டாவது வரியில் செல்வக்குமார் சார் நடுவில் ஒரே ஒரு புள்ளியை வைத்துத் தூரத்தை அளந்திருந்தார். எந்த விதி கிடையாது என்று முதல் வரியில் எழுதினாரோ, அதே விதியை இரண்டாவது வரியில் கைப்பழக்கத்தில் போட்டுவிட்டார். காலம் முழுக்க அந்த விதியோடு புழங்கியவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். தெரியாதவன் ஒவ்வொரு வரிக்கும் நின்று யோசித்திருப்பான். ஐந்து பேர் படித்தார்கள், லெம்மாவை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்காரர்கள் படித்தார்கள், மீனா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். எல்லாருக்கும் அதே கைப்பழக்கம்.

மறுநாள் படத்தைக் கொண்டுபோய் சாரின் மேசையில் வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"முதல் நாலு அத்தியாயத்துக்குப் பாதிப்பு இல்லையே?"

"இல்ல சார். அங்கன தொடர்வரிசையோட உறுப்புகளே ஒண்ணையொண்ணு நெருங்குது, அதனால தப்பிச்சிருச்சு. அஞ்சாவதுதான் போயிருச்சு."

"தேற்றமே தப்புன்னு காட்ட உதாரணம் இருக்கா?"

"அது இல்ல சார். தேற்றம் சரியாவும் இருக்கலாம். ஆனா நம்மட்ட நிரூபணம் இல்ல."

"அப்பத் தப்புன்னு ஆகலையே." அவர் தாளை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார். "ஏம்மா, ரெண்டு தேர்வாளர் அறிக்கையும் வந்தாச்சு. ரெண்டு பேருமே நல்லாருக்குன்னு எழுதிட்டாங்க. இப்பத் திரும்ப வாங்கினா மறுபடி முதல்லேருந்து. உன் பதிவுக் காலம் டிசம்பரோட முடியுது. வைவா முடியட்டும். பெறகு பாப்போம்."

கெட்டவராக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் தொல்லை. மீனா டைபாய்டில் கிடந்தபோது மூன்று வாரம் அவள் வகுப்பையும் சேர்த்து எடுத்த மனுஷன்.

ஓட்டையை அடைத்துவிடலாம் என்று மீனா முட்டிப் பார்த்தாள். ஒரு நிபந்தனை கூடுதலாகப் போட்டாள். தேற்றம் பழைய தேற்றமாகிப் போனது. வேறு வழியில் நிரூபிக்கப் பார்த்தாள். ஏழாவது பக்கத்தில் அதே லெம்மா தேவைப்பட்டது. வேறு தொடர்வரிசையை எடுத்தாள். அதுவும் சுற்றிச் சுற்றி அந்த இரண்டாவது வரியிலேயே வந்து நின்றது. எந்தப் பக்கம் புறப்பட்டாலும் அங்கேயே வந்து விழுந்தால் மனிதருக்கு மூச்சு முட்டாதா? அவளுக்கு முட்டியது. குளிக்கும்போது முட்டியது, சாப்பிடும்போது முட்டியது.

இதற்கு நடுவில் வெள்ளைத்துரை மாமா சும்மா இருக்கவில்லை. அவர் வள்ளித்தாய் வேலை பார்க்கும் கம்பெனியில் போர்மேன். சிவகாசியில் தெரிந்த அச்சகத்தில் சொல்லிப் பத்தடிக்கு எட்டடி பேனர் அடித்து ஊர் முக்கில் கட்டிவிட்டார். மீனாவின் படத்துக்குக் கீழே, 'நிலைப்புள்ளி கண்ட நிலவே! முனைவர் அழகுமீனா அவர்களே!' என்று முழ உயர எழுத்து. தேர்வே இன்னும் நடக்கவில்லை.

"மாமா, இன்னும் பட்டம் வரலயே. அதுக்குள்ள எதுக்கு?"

"ஏ தாயி, வைவாவுல யாராச்சும் பெயிலாயிருக்காகளா? விசாரிச்சிட்டுத்தானே அடிச்சேன்."

அவர் விசாரித்தது சரிதான். மீனாவுக்குத் தெரிந்து யாரும் பெயிலானதில்லை.

தேர்வன்று காலை கம்பெனி வேன் கல்லூரி வாசலில் வந்து நின்றது. தீபாவளி முடிந்து கம்பெனி இன்னும் திறக்காததால் எல்லாருக்கும் ஓய்வு. இருபத்து நான்கு பேர் இறங்கினார்கள். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போலக் கருத்தரங்க அறையின் முன்வரிசையை நிரப்பினார்கள். வள்ளித்தாய் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எவ்வளவு தேய்த்தும் போகாத சாம்பல் நிறம் அவள் நகக்கண்ணில் இருந்தது. அதைப் பார்த்ததும், வாயை மூடிக்கொண்டு பட்டத்தை வாங்கிக்கொள் என்று மீனாவுக்குள்ளிருந்து ஒரு குரல் தெளிவாகச் சொன்னது.

முக்கால் மணி நேரம் பேசினாள். படத்தைக் காட்டவில்லை. வெளித் தேர்வாளர் வெளியூர்க்காரர், சாந்தமான முகம். பதினோராம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டினார். இதற்குப் பயன்பாடு என்ன என்று கேட்டார். மீனா மனப்பாடம் செய்திருந்த பதிலைச் சொன்னாள். ஐந்தாம் அத்தியாயம் அருமை என்று சொல்லிவிட்டு அவர் சபையைப் பார்த்தார்.

"யாருக்காவது கேள்வி இருக்கா?"

பின்வரிசையில் ஆய்வு மாணவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. அவர்களில் ஸ்ரீமதி என்ற பெண் ஏற்கெனவே எழுந்து தேர்வாளருக்கு வைத்திருந்த லட்டுத் தட்டைச் சரிசெய்யப் போய்விட்டாள். யாராவது கேட்டுத் தொலையுங்களேன் என்று மீனா மனசுக்குள் கெஞ்சினாள். யாரும் கேட்கவில்லை.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு சார்" என்றாள் மீனா.

அறை சிரித்தது. தேர்வுக்கு நிற்கிறவளே கேள்வி கேட்பதை அங்கே யாரும் பார்த்ததில்லை. அவள் படத்தைத் திரையில் போட்டாள். இரண்டு குடோன், ஷெட்டுகள், தூரங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். லெம்மாவைப் போட்டு இரண்டாவது வரிக்கு அடியில் கோடு இழுத்தாள். "இந்த வரி தப்பு சார். அதனால அஞ்சாம் அத்தியாயத்துக்கு நிரூபணம் இல்ல" என்றாள். ஒருவழியாகச் சொல்லி முடித்துவிட்டாள். பத்து நாளில் முதல்முறையாக மூச்சு முழுசாக உள்ளே போனது.

தேர்வாளர் முன்னால் சாய்ந்து படத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, கணிதக்காரர் முகத்தில் அதை மறைக்க முடியாது. செல்வக்குமார் சாரைத் திரும்பிப் பார்த்தார். தேர்வாளரின் கட்டுரைகள் மூன்றில் இதே லெம்மா உண்டு என்பது மீனாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தேர்வாளர் மறுபடி சபைப் பக்கம் திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? இதுதான் உண்மையான ஆராய்ச்சியாளருக்கு அடையாளம். தன் வேலையோட வரம்பைத் தானே எடுத்துச் சொல்றாங்க."

"வரம்பு இல்ல சார். ஓட்டை."

"தன்னடக்கம்" என்றார் அவர். பின்வரிசை கை தட்டியது.

"பத்திரிகைக்குத் திருத்தம் எழுதப்போறேன் சார்."

"தாராளமா எழுதுங்க. பட்டம் வாங்கிட்டு எழுதுங்க. இதையே எதிர்கால ஆய்வுன்னு கடைசிப் பக்கத்துல ஒரு வரி சேத்துட்டாப் போதும்."

"அந்த அத்தியாயத்தைத்தான் ஸ்ரீமதி இப்ப மேல எடுத்துட்டுப் போறாங்க" என்றார் செல்வக்குமார் சார். குரல் சாதாரணமாக இருந்தது. லட்டுத் தட்டோடு நின்ற ஸ்ரீமதி தலையாட்டினாள்.

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று தேர்வாளர் அறிவித்ததும் முன்வரிசை எழுந்து நின்று தட்டியது. வெள்ளைத்துரை மாமா விசிலே அடித்துவிட்டார். யாராவது தன்னைத் திட்ட மாட்டார்களா, வெளியே போ என்று சொல்ல மாட்டார்களா என்று மீனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது. தோளில் பொன்னாடை விழுந்தது. வாயில் யாரோ லட்டைத் திணித்தார்கள். உண்மையைச் சொல்லியும் வெளியே வர முடியாவிட்டால் வேறு எதைச் சொல்வது? அவள் லட்டை மென்று விழுங்கினாள்.

திரும்பும்போது வேனில் ஒரே பாட்டும் கூத்தும். மீனா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சாத்தூர் தாண்டியதும் வள்ளித்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏ பிள்ள, கடைசியில ஏதோ தப்புன்னு சொன்னியே, அது என்னது?"

"ஒரு வரி தப்பும்மா. அதை நம்பி நெறைய பேரு எழுதிட்டாக."

"எங்க ரூமுல மருந்துல தப்பு விழுந்துச்சுன்னா போட்டது போட்டபடி வெளிய ஓடிருவோம். ஆபீசர் வந்து பாக்குற வரைக்கும் ரூமைப் பூட்டிப் போட்ருவாக." வள்ளித்தாய் மகளின் மாலையிலிருந்து உதிர்ந்த இதழைத் தட்டிவிட்டாள். "அங்கன பூட்டிட்டாகளா?"

"இல்லம்மா. அடுத்த ஆளை உள்ள உக்கார வச்சிருக்காக."

"எந்த ஆளை?"

"லட்டு குடுத்துச்சே, ஸ்ரீமதி."

"அடிப்பாவி, அந்தப் பிள்ளைட்டச் சொன்னியா நீ?"

சொல்லவில்லை. சபைக்குச் சொன்னாளே தவிர, அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு இதில் வராதே என்று சொல்லவில்லை. மீனா மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போன் போட்டாள். வேன் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "ஸ்ரீமதி, அந்த லெம்மாவைத் தொடாதே. இப்பவே வேற தலைப்புக்கு மாறிக்கோ" என்றாள்.



"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் ஸ்ரீமதி. "ஜூலையிலேயே பாத்துட்டேன். சார்ட்டக் காட்டினேன். மீனா முடிக்கட்டும், பெறகு பாப்போம்னாரு."

ஜூலை. அப்படியானால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, வெகுநேரம் பார்த்தாரே, அது?

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். திருத்தம் எழுதப்போறேன்னு சொன்னீகள்ல, அதை எழுதிராதீகக்கா. வர்ற ஜூன்ல நான் சப்மிட் பண்ணலேன்னா படிச்சது போதும், வீட்ல இருன்னு சொல்லிட்டாக. நாலு வருஷம் போராடி வந்திருக்கேன். நான் முடிச்சிர்றேன். பெறகு நீங்க என்ன வேணும்னாலும் எழுதுங்க." அவள் அழுதுகொண்டிருந்தாள். "சரின்னு சொல்லுங்கக்கா."

மீனா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள். சரி என்று சொன்னதாகத்தான் அந்தப் பெண் எடுத்துக்கொள்வாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"என்ன சொல்லுது அந்தப் பிள்ள?"

"வெளிய வரமாட்டேங்குதும்மா."

வள்ளித்தாய் மகளின் கையைப் பிடித்து அமுக்கினாள். அந்தப் பிடியில் பயம் இருந்தது.

"நீ வெளிய வந்துட்டேல்ல?"

காலையில் அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொன்னவள் அம்மாவின் கையைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள்.

"வந்துட்டேம்மா."

"அப்பச் சரி" என்று வள்ளித்தாய் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "வெள்ளிக்கிழமை பூஜை போட்டுக் கம்பெனி தொறக்காக. இனி நான் வரலன்னு உன் மாமன்ட்ட இப்பத்தான் சொல்லிட்டு வாறேன்."